கைபேசியிலிருந்து சுவருக்கு: குறைந்த செலவில் படம் கழுவுவதும் சட்டம் போடுவதும்

கந்தப்பளையில் ஒரு போட்டோவை முதலில் கெடுப்பது ஈரம். வெயில் இரண்டாவதுதான். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கந்தப்பளை அதற்கும் மேலே. நானுஓயாவிலிருந்து இராகலை வரை 1948 வரை இருந்த குறும்பாதை ரயிலுக்கு இங்கே ஒரு நிலையம் இருந்தது. இன்று நாட்டின் உயரமான நிலையமாக இருக்கும் பட்டிப்பொலையை விட அது உயரத்தில் நின்றது. இந்த உயரத்தில் பாதி நாள் மேகத்துக்குள்ளேயே கழிகிறது. தோய்த்த உடுப்பு காய இரண்டு நாளாகும். அலுமாரிக்குள் வைத்த சப்பாத்து பூசணம் பூக்கும். அதே காற்றில்தான் கல்யாணப் படமும் தொங்குகிறது.

எந்த லயன் வீட்டுக்குள் போனாலும் சுவரைப் பாருங்கள். சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் தாத்தாவின் படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய், முகம் பாதி பளபளப்பாகவும் பாதி மங்கலாகவும் இருக்கும். ஓரங்களில் தேயிலைச் சாயம் ஊறியதுபோல் பழுப்பு ஏறியிருக்கும். சட்டம் மட்டும் புதிது போலவே இருக்கும். பொன்னிறப் பூவேலைச் சட்டத்துக்குக் காசு கொடுத்தவர்களுக்குத் தாளைப் பற்றியும் முதுகட்டையைப் பற்றியும் யாரும் சொல்லவில்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் செலவின் வரிசை இப்படித்தான் இருக்கும்: இருக்கிற காசை முதலில் தாளில் போடுங்கள். அடுத்ததாக, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே காற்று நிற்கும் இடைவெளிக்குப் போடுங்கள். மிஞ்சியது சட்டத்துக்கு.

எவ்வளவு காசு என்று கேட்பீர்கள். தோட்டத்தில் கணக்குப் பார்ப்பது பேரில்தான், அதாவது ஒரு நாள் சம்பளத்தில். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. போட்டோத் தாளும் மையும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய் சொச்சமாக இருந்தது, மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. டொலர் ஏறினால் இவற்றின் விலையும் ஏறும். அதனால் இங்கே விலைப் பட்டியல் தரவில்லை, வரம்பு மட்டும் சொல்கிறேன். சுவரில் மாட்டும் ஒரு படத்துக்கு, தாள், கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்த்து ஒரு பேருக்கு மேல் போகக் கூடாது. போகும்போல் தெரிந்தால் படத்தின் அளவைக் குறையுங்கள். தாளின் தரத்தில் கை வைக்காதீர்கள்.

எதைக் கழுவுவது

போனில் மூவாயிரம் படம் இருக்கும். வருடத்துக்கு நான்கோ ஐந்தோ கழுவினால் போதும். அழகான படம் எது என்று தேடுவதை விட, இந்தப் போன் தொலைந்தால் திரும்பக் கிடைக்காத படம் எது என்று தேடுங்கள். ஆச்சி அடுப்படியில் உட்கார்ந்திருப்பது, அப்பா வேலைக்குப் போகும் உடுப்போடு நிற்பது, பழைய லயத்தை இடிக்கும் முன் எல்லோருமாக இஸ்தோப்பில் நின்றது: இவையெல்லாம் இரண்டாம் முறை எடுக்க முடியாதவை.

புதிதாக எடுப்பதென்றால் நம் ஊர் வெளிச்சத்துக்கு ஒரு பழக்கம் வேண்டும். மூடுபனி நாளில் வானம் முழுதும் வெள்ளை. அந்த வெள்ளையைப் பார்த்துப் போன் தன்பாட்டில் வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். கறுத்த முகம் இன்னும் கறுத்துப்போய், கண்ணும் மூக்கும் தெரியாமல் போகும். வானம் படத்துக்குள் வராதபடி நில்லுங்கள். பின்னால் தேயிலைச் செடியோ சுவரோ இருக்கட்டும். திரையில் முகத்தைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி எடுங்கள். வாசற்படியில் ஆளை நிறுத்தி, வெளியே பார்க்கச் சொல்லி எடுத்தால் மூடுபனி வெளிச்சம் முகத்தில் மெதுவாக விழும். ஸ்டூடியோ விளக்குகளுக்குக் காசு கொடுத்து வாங்கும் வெளிச்சம் இதுதான்.

கோப்பும் அளவும்

கடைக்காரருக்குப் படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால், அது நீளப் பக்கத்தில் ஏறத்தாழ 1,600 புள்ளிகளாகச் சுருங்கிவிடும். அச்சில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் மிக நன்று, 200 போதும், 150க்குக் கீழே போனால் கண் கண்டுபிடித்துவிடும். கணக்கைப் பாருங்கள். 1,600 புள்ளிகளை 4க்கு 6 அங்குலத் தாளில் போட்டால் அங்குலத்துக்கு 266, குறை தெரியாது. அதையே 8க்கு 12இல் போட்டால் 133. புருவம் கரைந்து, புடவைக் கரை குழம்பிவிடும். கடைக்காரர் மேல் பிழை சொல்வோம், பிழை அனுப்பியதில் இருக்கும். அதே வட்ஸ்அப்பில் ‘டொகுமென்ட்’ என்ற வழியாக அனுப்பினால் கோப்பு சுருங்காமல் அப்படியே போகும். புளூடூத், யூஎஸ்பி கேபிள், பென்டிரைவ் எதுவும் ஆகும். ஸ்டேட்டஸிலிருந்து ஸ்கிரீன்ஷொட் எடுத்த படத்தைப் பெரிதாக்கக் கொடுக்கவே வேண்டாம். எடுத்தவரைக் கூப்பிட்டு மூலக்கோப்பைக் கேளுங்கள். ஐபோன் வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஜேபெக் கோப்பாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். ஐபோனின் ஹெயிக் கோப்பு சில கடைகளின் கணினியில் திறக்காது.

அடுத்தது தாளின் வடிவம். போன் கெமரா பெரும்பாலும் 4க்கு 3 என்ற விகிதத்தில் எடுக்கிறது. 4க்கு 6 தாள் அந்த விகிதத்தில் இல்லை. ஆகவே அகலப் பக்கத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த குடும்பப் படத்தில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் தோள் போவது இதனால்தான். 6க்கு 8 தாள் சரியாக 4க்கு 3 விகிதம். எதுவும் வெட்டுப்படாது, சுவரில் தெரியும் அளவும் வரும், காசும் நடுத்தரம். கந்தப்பளை வீடுகளின் சிறிய காம்பராக்களுக்கு என் தேர்வு 6க்கு 8தான். 8க்கு 12 தாளை இரண்டாகவும் நான்காகவும் பாவிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்: நான்கு 4க்கு 6 படங்களை அடுக்கினால் அது மிகச் சரியாக 8க்கு 12 ஆகிறது. தனித்தனியாக நான்கு கழுவுவது மலிவா, ஒரே தாளில் போட்டு வெட்டுவது மலிவா என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு விடயம் இன்னும் இருக்கிறது. போன் திரை தானே ஒளி வீசுகிறது, தாள் வீசுவதில்லை. லயத்துக்குள் நாற்பது வோட் பல்ப் வெளிச்சத்தில் பார்க்கும்போது அச்சுப்படம் இருண்டு தெரியும். அனுப்புமுன் போனிலேயே வெளிச்சத்தை ஒரு படி கூட்டுங்கள். முதலில் ஒரு சிறு படம் மட்டும் கழுவி, அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, மாட்டப்போகும் சுவரில் பிடித்துப் பாருங்கள். பெரிய தாளுக்குக் காசு கொடுப்பதற்கு முன் இதைச் செய்தால் நட்டமில்லை.

கடையில் கேட்க வேண்டியது

அடையாள அட்டைப் படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவு பெற்ற ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும் என்று வந்த பிறகு, சிறு டவுன்களிலும் நல்ல கெமராவும் பிரின்டரும் உள்ள ஸ்டூடியோக்கள் இருக்கின்றன. கொமினிகேஷன்களிலும் படம் அடித்துத் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் படம் கழுவுவது என்றே சொல்கிறோம், ஆனால் தாளில் நிறம் ஏறும் விதம் நான்கு. ஒளியுணர் தாளில் லேசர் ஒளி பட்டு, மருந்துத் தண்ணீரில் உண்மையாகவே கழுவி எடுப்பது லேப் படம். ரிப்பனிலிருந்து சூட்டினால் நிறத்தை ஏற்றி, மேலே மெல்லிய பூச்சும் போட்டுத் தருவது சிறு இயந்திரப் படம். இந்த இரண்டிலும் ஈரம் பட்டு நிறம் கரையாது. மூன்றாவது, டாங்கியில் மை ஊற்றும் இங்க்ஜெட் பிரின்டர். அதிலுள்ள சாதாரணச் சாய மை பார்க்க அழகாக இருக்கும், ஈரம் பட்டால் கரையும். நான்காவது, கலர் போட்டோகொப்பி இயந்திரத்தில் அடிப்பது. அந்தத் தூள் தண்ணீரில் கரையாது, ஆனால் முகத்தின் நுண்மையான நிறமாற்றங்கள் அதில் வராது. பாடசாலை ஒப்படைக்குப் போதும், ஆச்சியின் முகத்துக்குப் போதாது.

கடையில் எந்த இயந்திரம் என்று தெரியாவிட்டால், வீணான ஒரு துண்டுப் படம் கேட்டு வாங்கி, ஈர விரலால் ஓரத்தைத் தேய்த்துப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் அது சாய மை. அந்தப் படம் சுவருக்கு வேண்டாம். பெரிய படத்தை மட்டுமாவது நுவரெலியா டவுனில் லேப் தாளில் கழுவிக்கொள்ளுங்கள். மரக்கறி லொறியில் போகிறவரிடமோ, டவுனுக்குப் படிக்கப் போகும் பிள்ளையிடமோ பென்டிரைவைக் கொடுத்துவிட்டால் பஸ் காசும் மிச்சம்.

கடையில் வாய்விட்டுச் சொல்ல வேண்டியது இரண்டு. “அண்ணே, குளோஸி வேணாம், மெட்ல போடுங்க.” பளபளப்புத் தாள் ஈரத்தில் இளகிக் கண்ணாடியைப் பற்றிக்கொள்ளும், மெட் தாளில் அந்த ஆபத்துக் குறைவு, பல்ப் வெளிச்சமும் அதில் கண்ணைக் கூசாது. இரண்டாவது: “முகத்த வெள்ளையாக்காதீங்க அண்ணே, இருக்கிற நிறத்துலயே எடுங்க.” கேட்காமலே கன்னத்தை வழித்து, நிறத்தை வெளுக்க வைத்துத் தரும் வழக்கம் பல இடங்களில் உண்டு. வெயிலிலும் பனியிலும் முப்பது வருடம் மலையேறிய முகத்தின் கோடுகளை அழித்துவிட்டால் அது வேறு யாருடைய படமோ ஆகிவிடும். பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே

போட்டோத் தாளின் மேற்பரப்பில் இருப்பது பசைப்படலம். லேப் தாளில் அது ஜெலட்டின். ஈரக்காற்றில் அது ஊறும், கண்ணாடியைத் தொட்டபடி இருந்தால் ஒட்டும், ஒட்டினால் பிரியாது. கண்ணாடியின் உட்புறத்தில் இரவுக் குளிரில் துளிகள் வேறு படியும். ஆகவே படம் கண்ணாடியைத் தொடவே கூடாது. ஒரு மில்லிமீற்றர் இடைவெளி போதும்.

அதற்கான மலிவான வழி பாடசாலைப் புத்தகக் கடையில் கிடைக்கும் பிரிஸ்டல் போட். அது மெல்லியதாக இருப்பதால் மூன்று நான்கு அடுக்கு ஒட்டிக்கொள்ளுங்கள். சான்றிதழுக்கான ஏ4 சட்டம் எங்கும் கிடைக்கும், வீட்டிலும் ஒன்று சும்மா கிடக்கும். அதன் உள்ளளவு 210க்கு 297 மில்லிமீற்றர். அந்த அளவுக்கு அட்டையை வெட்டி, நடுவில் 148க்கு 198 மில்லிமீற்றர் ஜன்னல் ஒன்று வெட்டுங்கள். இடமும் வலமும் 31, மேலே 46, கீழே 53 மில்லிமீற்றர் விடுங்கள். கீழே சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் கண்ணுக்குப் படம் சரிந்து தெரியாது. 6க்கு 8 படம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நான்கு பக்கமும் இரண்டு மில்லிமீற்றர் மறைந்து உட்காரும். இரும்பு அடிமட்டமும் புதிய அலகு போட்ட கத்தியும் வேண்டும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காமல், மெதுவாக நாலைந்து முறை ஓட்டுங்கள். 8க்கு 12 படத்தை ஏ4 சட்டத்தில் போடலாம் என்று நினைத்து ஏமாற வேண்டாம். நீளம் எட்டு மில்லிமீற்றர் கூடிப்போகும். ஜன்னல் வெட்ட முடியாதவர்கள் தடித்த அட்டையில் அரை விரல் அகலத் துண்டுகள் வெட்டி, சட்டத்தின் விளிம்புக்குள் மறையும்படி கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே நான்கு ஓரமும் வைத்தாலும் காரியம் ஆகும்.

படத்தின் முதுகில் பைண்டர் கம், செலோ டேப் எதையும் பூசாதீர்கள். வெள்ளைத் தாளில் சிறு முக்கோணப் பைகள் மடித்து, படத்தின் நான்கு மூலைகளையும் அதற்குள் செருகி, பைகளை மட்டும் பின் அட்டையில் ஒட்டுங்கள். நாளைக்கு வேறு சட்டத்துக்கு மாற்றும்போது படம் காயமில்லாமல் வெளியே வரும்.

முதுகட்டைக்கு பிஸ்கட் பெட்டி அட்டையை வெட்டிப் போடுவது பெரும்பாலோர் செய்வது. அந்தப் பழுப்பு அட்டையில் உள்ள அமிலம்தான் நாளடைவில் படத்தின் முதுகுவழியே பழுப்பாக ஏறுகிறது, ஈரத்தையும் அது குடித்து வைத்துக்கொள்கிறது. முன்பு தேயிலை ஏற்றுமதியான பலகைப் பெட்டிகள் வீடுகளில் கிடந்த காலத்தில் அதன் மெல்லிய பலகையைப் போடுவார்கள். இப்போது தேயிலை காகித மூட்டையில் போகிறது. ஹாட்வெயார் கடையில் ஹாட்போட் துண்டு கேளுங்கள். வெட்டி மிஞ்சியதை மலிவாகக் கொடுப்பார்கள். அதற்கும் படத்துக்கும் நடுவே ஒரு வெள்ளைப் பிரிஸ்டல் போட்டை வைத்துவிடுங்கள்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மரத்தூள் பலகையில் பூத்தாள் ஒட்டிய சட்டம் நம் ஊர் ஈரத்தில் ஊதி, தாள் உரியும், வாங்க வேண்டாம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் சட்டம் மலிவு, தண்ணீர் குடிக்காது. தெரிந்த தச்சாசாரி இருந்தால், தேயிலைக்கு நிழலாக நிற்கும் சவுக்கு மரத்தின் துண்டில் சட்டம் அடித்துத் தரச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த துண்டாக இருக்கட்டும், வார்னிஷ் இரண்டு பூச்சு, பின்பக்கமும் சேர்த்து.

மூடி ஒட்டும் நாளும் முக்கியம். பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வெயில் காயும் ஒரு மத்தியானத்தைத் தேர்ந்தெடுங்கள். கண்ணாடி, அட்டை, ஹாட்போட் எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள், படத்தை மட்டும் நிழலில் வையுங்கள். பிறகு உடனே அடுக்கி, பின்புற ஓரங்களைப் பிரவுன் டேப்பால் சுற்றி ஒட்டுங்கள். மழை நாளில் மூடினால் மழைக்காற்றையும் உள்ளே வைத்து மூடுகிறீர்கள்.

மாட்டும்போது மழை அடிக்கும் வெளிச்சுவரை விட்டுவிடுங்கள். இரண்டு காம்பராக்களுக்கு நடுவிலுள்ள உட்சுவர் நல்லது. விறகடுப்புப் புகை நேரே வரும் இடமும், ஜன்னல் வெயில் நேரே விழும் இடமும் வேண்டாம். பழைய ரப்பர் செருப்பில் இரண்டு சிறு துண்டு வெட்டி, சட்டத்தின் கீழ் மூலைகளில் பின்பக்கமாக ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். மறைந்தவர்களின் படத்துக்கு மாலை போடுவது நம் வழக்கம். ஈரப்பூ மாலையைச் சட்டத்தின் மேல் போட்டால் தண்ணீர் விளிம்பு வழியே உள்ளே இறங்கும். மாலைக்குச் சட்டத்துக்கு மேலே தனி ஆணி அடியுங்கள். துடைக்கும்போது கண்ணாடியில் தண்ணீர் தெளிக்காமல், துணியை ஈரமாக்கிப் பிழிந்து துடையுங்கள்.

லெமினேட் பற்றி

ஈரத்துக்குப் பயந்து எல்லாவற்றையும் லெமினேட் செய்வது நம்மிடையே ஊறிப்போன பழக்கம். பிறப்புச் சான்றிதழ் முதல் பாட்டன் காலத்துப் படம் வரை சூட்டு இயந்திரத்துக்குள் போகிறது. படத்தைப் பொறுத்தவரை இதை நான் ஏற்பதில்லை. சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்ப உரிக்க முடியாது. உள்ளே ஈரம் இருந்தால் அது வெளியேறவும் வழியில்லை, ஓரம் விட்ட இடத்தில் புதிய ஈரம் நுழையும். பேர்சில் வைக்கும் சிறு பிரதியை லெமினேட் செய்யுங்கள். மூலப் படத்தை, அதுவும் ஒரே பிரதியாக இருப்பதை, ஒருபோதும் செய்யாதீர்கள்.

பழைய படங்கள்

1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி இந்தியாவுக்குக் கப்பலேறியது. பல வீடுகளில் அந்தப் பாதிக் குடும்பத்தின் முகம் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில்தான் இருக்கிறது. அதைக் கடைக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம், வீட்டிலேயே போனில் பிரதி எடுக்கலாம். மூடுபனி மூடிய காலை நேரம் இதற்கு மிகப் பொருத்தம். நிழலோ பளிச்சிடலோ விழாது. வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதில் கறுப்புத் துணி விரித்து, படத்தைத் தட்டையாக வைத்து, பிளாஷ் போடாமல், போனைப் படத்துக்கு நேர் மேலே சமமாகப் பிடித்து எடுங்கள். சட்டத்திலிருந்து கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் இழுக்கவே கூடாது. ஒட்டிய இடத்தில் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்புறத்தைத் துடைத்து, அதன் மேலாகவே எடுங்கள். பிறகு அந்தக் கோப்பை இரண்டு பேரின் போனிலாவது வைத்து, ஒரு பிரதி கழுவிச் சுவரில் மாட்டுங்கள். மூலத்தை வெள்ளைத் தாளில் சுற்றி, மூடி இறுகிய பிஸ்கட் டின்னில் வையுங்கள்.

பெயர்

நம் நாட்டு மக்களைப் படம் பிடிப்பது புதிதில்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற படக்கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமானார். இங்கே அவர் எடுத்தவற்றில் களுத்துறைக் குடியானவர்களின் படம் ஒன்று உண்டு. அதில் இருப்பவர்களின் வயது எழுதப்பட்டது, பெயர் எழுதப்படவில்லை. 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே நிறுவனத்தின் தபாலட்டைகளில் கொழுந்து பறிக்கும் பெண்கள் உலகமெல்லாம் போனார்கள், பெயரில்லாமல். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்தப் படத்தைப் பார்த்தாலும் இது நம் பாட்டி என்று அறிய வழியில்லை.

ஆகவே சட்டத்தை மூடுமுன் பின் அட்டையில் பென்சிலால் எழுதுங்கள்: இடமிருந்து வலமாக ஒவ்வொருவரின் பெயர், உறவு, தோட்டமும் டிவிசனும், லயத்தின் எண், எடுத்த வருடம், எடுத்தவர் பெயர். படத்தின் முதுகில் போல்பொயின்ட் பேனாவால் எழுத வேண்டாம். அழுத்தம் முன்பக்கம் முகத்தில் மேடாகத் தெரியும். போன் கோப்புக்கும் அதே விவரத்தைப் பெயராக வைத்துவிடுங்கள்.

சாவு வீட்டில்தான் நம்மில் பலர் முதன்முதலாகப் பெரிய படம் தேடுகிறோம். அடையாள அட்டையின் சிறு முகத்தையோ, கல்யாணக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றதையோ வெட்டிப் பெரிதாக்கி, அரை மணி நேரத்தில் கேட்கிறோம். கடைக்காரரால் அதற்குமேல் எதுவும் செய்ய இயலாது. உங்கள் வீட்டில் மூத்தவர் யாரோ, அவரை இந்த ஞாயிற்றுக்கிழமை வாசற்படியில் உட்கார வைத்து, அவருக்குப் பிடித்த உடுப்பில் ஒரு படம் எடுங்கள். 6க்கு 8இல், மெட் தாளில் கழுவி, அவர் பார்க்கவே சுவரில் மாட்டுங்கள்.